ஊமை ஆங்கிலமும் ஓசி வாத்தியாரும்

சீனர்கள் தங்களைத் தாங்களே நக்கல் செய்துகொள்ள ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: 'யாபா யிங்யூ'. தமிழில் 'ஊமை ஆங்கிலம்' என்று சொல்லலாம். பத்து வருஷம் ஆங்கிலம் படித்து, ஆயிரக்கணக்கில் சொற்களை மனப்பாடம் பண்ணி, இலக்கணத் தாளில் மதிப்பெண்களை அள்ளுகிற ஒருவர், எதிரே ஒரு ஆள் வந்து 'உங்க ஊர் எப்படி இருக்கும்?' என்று கேட்டதும் வாயடைத்து நிற்பதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். வாய் பேச இயலாதவர்களை இழிவாக்கி உண்டாக்கிய சொல் என்பதால் அதை அப்படியே ஏற்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஒரு சமூகம் தன்னுடைய மௌனத்துக்குத் தானே பெயர் வைத்திருக்கிறது என்பது முக்கியமான விஷயம். அந்த மௌனம் எப்படி உற்பத்தியாகிறது, அதில் யாருக்கு லாபம், அதை உடைக்கிறேன் என்று வெளியிலிருந்து போகிற ஒரு தன்னார்வலரின் இடம் என்ன என்பதைத்தான் இந்தக் கட்டுரை பேச முயல்கிறது.

கடந்த சில வருஷங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சீனத்தின் உள்மாகாணம் ஒன்றில் இருக்கும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மாணவர்களோடு இணையவழி ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருக்கிறேன். சம்பளம் கிடையாது. மொழிபெயர்ப்பு சம்பந்தமாக மின்னஞ்சலில் அறிமுகமான ஒரு கல்லூரி ஆசிரியை கேட்டுக்கொண்டதால் ஆரம்பித்தது. நண்பர்கள் என்னை 'ஓசி வாத்தியார்' என்கிறார்கள். இன்னும் சிலர் நேரடியாகவே கேட்டார்கள்: "தமிழ் எம்.ஏ. படிச்ச நீ, ஏகாதிபத்தியத்தோட மொழிய சீனாக்காரனுக்கு இலவசமா சொல்லிக் குடுக்கறியா?" கேள்வி நியாயமானதுதான். ஒரு வரியில் பதில் சொல்லி நழுவிவிட முடியாது. வரலாற்றிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

1

சீனத்தில் ஆங்கிலம் வெறும் பாடமாக ஒருபோதும் இருந்ததில்லை. யார் யாரோடு பேசலாம், எந்த மொழியில் பேசலாம் என்பதை அதிகாரம் தீர்மானித்துவந்த வரலாறு அது.

1757இல் சிங் அரசு ஐரோப்பிய வணிகத்தை காண்டன் துறைமுகம் ஒன்றுக்குள் அடைத்தது. இரண்டு ஆண்டு கழித்து, கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த ஜேம்ஸ் ஃபிளின்ட் என்பவர் சீன மொழியில் மனு எழுதிப் பேரரசருக்குக் கொண்டுபோனார். அவருக்குக் கிடைத்தது மக்காவில் மூன்று ஆண்டு சிறை. அந்த மனுவை எழுத உதவிய சீனருக்குக் கிடைத்தது மரணதண்டனை. மொழி கற்கும் அந்நியருக்குச் சிறை, கற்றுக்கொடுக்கும் உள்ளூர்க்காரருக்குத் தலை போகும். இந்தக் கணக்கு இன்றைக்கும் கவனிக்க வேண்டிய ஒன்று. பின்னால் வருகிறேன்.

பேசவே முடியாது என்று ஆன இடத்தில் மக்கள் என்ன செய்தார்கள்? காண்டன் கடைத்தெருவில் ஆங்கிலச் சொற்களைச் சீன வாக்கிய அமைப்பில் கோத்து ஒரு கலப்பு மொழியை உண்டாக்கிக்கொண்டார்கள். அதைத்தான் 'பிட்ஜின்' என்றார்கள். 'பிசினஸ்' என்ற சொல்லே சீன நாக்கில் அப்படித் திரிந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். மேட்டுக்குடி ஆங்கிலேயர் அதைக் கேட்டுச் சிரித்தார்கள், ஆனால் வியாபாரத்தை அந்த மொழியில்தான் செய்தார்கள்.

அபின் போர்கள் நிலைமையைத் தலைகீழாக்கின. 1858ஆம் ஆண்டின் தியான்ஜின் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து உண்டு: இரண்டு மொழிப் பிரதிகளுக்கும் இடையே பொருள் வேறுபாடு வந்தால் ஆங்கிலப் பிரதியே செல்லும். அதாவது, தோற்றவன் என்ன சொன்னான் என்பதையும் ஜெயித்தவனுடைய மொழியே தீர்மானிக்கும். இதன் பிறகுதான், 1862இல், பெய்ஜிங்கில் 'தோங்வென் குவான்' என்ற மொழிப்பள்ளியை அரசு திறந்தது. முதலில் சேர்க்கப்பட்டவர்கள் பத்தே பத்து மாணவர்கள். ஆங்கிலம் ஆசையால் வரவில்லை, தோல்வியின் வழியாக வந்தது. 1898இல் ஜாங் ஜிதோங் முன்வைத்த வாதம் புகழ்பெற்றது: சீனக் கல்வி உடல், மேலைக் கல்வி அதற்கான கருவி. ஆங்கிலத்தைக் கையில் ஏந்தலாம், உடம்புக்குள் விடக்கூடாது என்கிற இந்தப் பிரிவினைதான் பிற்பாடு 'ஊமை ஆங்கில'த்தின் தத்துவ அடிப்படையாக ஆனது என்று நான் வாசிக்கிறேன். படி, எழுது, மொழிபெயர். ஆனால் அந்த மொழியில் வாழாதே.

1949க்குப் பிறகு ரஷ்ய மொழி முதலிடத்துக்கு வந்தது. சோவியத் உறவு கசந்தபோது ஆங்கிலம் திரும்பியது. கலாச்சாரப் புரட்சியில் மறுபடியும் சந்தேகத்துக்குள்ளானது. பாடநூல் இருந்த இடங்களிலும் தலைவர் வாழ்க என்கிற முழக்கங்களையே ஆங்கிலத்தில் படித்தார்கள். வாங் காங் 2004இல் எழுதிய 'யிங்கலிஷி' என்னும் நாவல் அந்தக் காலத்து உரும்ச்சி நகரில் ஒரு சிறுவனுக்கும் ஆங்கில ஆசிரியருக்குமான உறவைச் சொல்கிறது. அதில் ஓர் அகராதி, வெளியுலகத்தின் ஒரே சன்னலாக இருக்கிறது.

1977இல் பல்கலைக்கழக நுழைவுத்தேர்வு மீண்டும் நடந்தது. 1978 வாக்கில் ஷாங்காய் மக்கள் பூங்காவில் ஒரு விஷயம் ஆரம்பித்தது. சாயங்காலத்தில் முன்பின் தெரியாதவர்கள் கூடி நின்று, தப்பும் தவறுமாக ஒருவரோடு ஒருவர் ஆங்கிலத்தில் பேசினார்கள். 'ஆங்கில மூலை' என்று பெயர். வாத்தியார் இல்லை, பாடத்திட்டம் இல்லை, கட்டணமும் இல்லை. பெய்ஜிங்கின் ரென்மின் பல்கலைக்கழக வளாகத்திலும் இப்படி ஒரு மூலை பெயர்பெற்றது. 1982இல் பி.பி.சி. தயாரித்த 'ஃபாலோ மீ' தொடர் சீனத் தொலைக்காட்சியில் வந்து கோடிக்கணக்கானவர்களை இழுத்தது. தொலைக்காட்சியில் ஒருவர் பேச நாடே திரும்பச் சொன்னது. பூங்காவில் பேசியவர்களோ ஒருவருக்கொருவர் பதில் சொன்னார்கள். இரண்டும் ஒன்றல்ல. இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்வோம்.

2

இனி தேர்வு. 'காவ்காவ்' எனப்படும் நுழைவுத்தேர்வில் 2024இல் பதிவு செய்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். பெரும்பாலான மாகாணங்களில் மொத்தம் 750 மதிப்பெண், அதில் அந்நிய மொழிக்கு 150. சீன மொழிக்கும் கணிதத்துக்கும் உள்ள அதே எடை. ஆனால் இந்த 150இல் வாய்ப்பேச்சுக்குப் பல மாகாணங்களில் ஒரு மதிப்பெண்கூட இல்லை. ஷாங்காய், பெய்ஜிங், குவாங்டாங் போன்ற வசதியான பகுதிகள்தான் பேச்சைக் கணக்கில் சேர்த்திருக்கின்றன. பேசத் தெரிந்த ஆசிரியர்களும் கருவிகளும் இருக்கிற இடத்தில் பேச்சு தேர்வாகிறது. இல்லாத இடத்தில் மௌனமே பாடத்திட்டமாகிறது.

தேர்வுக்கேள்வியின் இயல்பை இன்னொரு கோணத்திலும் பார்க்க வேண்டும். வினாத்தாளில் கேட்கிறவருக்குப் பதில் ஏற்கெனவே தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்கிறார். மாணவருடைய வேலை புதிதாக ஒன்றைச் சொல்வது அல்ல, மறைத்துவைத்த பதிலைக் கண்டுபிடிப்பது. பன்னிரண்டு வருஷம் இப்படிப்பட்ட கேள்விகளை மட்டுமே அந்த மொழியில் சந்தித்த ஒருவருக்கு, உண்மையிலேயே பதில் தெரியாமல் ஒருவர் கேட்கிற கேள்வி வந்தால் பயம் வராமல் என்ன செய்யும்? 'எது சரியான விடை?' என்றுதான் மனசு தேடும். 'ஊமை ஆங்கிலம்' என்பது நாக்கின் நோய் அல்ல. கேள்வி கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் இடையிலுள்ள அதிகார உறவு அந்த மொழிக்குள் உறைந்துபோனதன் பெயர் அது.

இந்த மௌனத்தைச் சந்தை நன்றாகவே புரிந்துகொண்டது. 1990களில் லீ யாங் என்பவர் 'கிறுக்கு ஆங்கிலம்' என்று ஒன்றைக் கிளப்பினார். மைதானங்களில் ஆயிரக்கணக்கானவர்களைத் திரட்டி, கையை ஆட்டிக்கொண்டு, தொண்டை கிழிய வாக்கியங்களைக் கத்தவைப்பதுதான் முறை. வெட்கத்தைக் கத்தியே விரட்ட வேண்டும், ஆங்கிலத்தை ஜெயித்தால் சீனம் வல்லரசாகும் என்பது அதன் பிரச்சாரம். ஜாங் யுவான் 1999இல் இதைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். மௌனத்துக்கு மாற்று கத்தல் என்று ஆகிவிட்டது. ஆனால் கத்துவதும் பேசுவதும் ஒன்றா? கத்தலில் எதிராளி இல்லை. 2011இல் லீ யாங்கின் அமெரிக்க மனைவி கிம் லீ, தன்னை அவர் அடித்த காயங்களின் படங்களை வெளியிட்டார். 2013இல் பெய்ஜிங் நீதிமன்றம் குடும்ப வன்முறையை உறுதிசெய்து விவாகரத்து வழங்கியது. பெண்கள் இயக்கத்தினர் கொண்டாடிய தீர்ப்பு அது. வெற்றி, ஆண்மை, தேசம் என்று கட்டப்பட்ட ஒரு சொல்லாடலின் வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

2001இல் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் என்று கல்வி அமைச்சகம் அறிவித்தது. அதே ஆண்டுதான் ஒலிம்பிக் போட்டி பெய்ஜிங்குக்கு என்று முடிவானது, சீனம் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. அப்புறம் தனியார் பயிற்சி வணிகம் ஊதிப் பெருத்தது. 2013இல் தொடங்கிய 'விஐபிகிட்' நிறுவனம் வட அமெரிக்க ஆசிரியர்களையும் சீனக் குழந்தைகளையும் 25 நிமிஷ வகுப்புகளாக இணையத்தில் கோத்தது. அங்கே குழந்தை விழிக்கிற நேரத்துக்காக இங்கே ஆசிரியர் விடியற்காலை எழுந்து, திரைமுன் சிரித்த முகத்தோடு உட்கார வேண்டும். பேச்சு என்பது நிமிஷக் கணக்கில் விற்கிற சரக்கானது.

2021 ஜூலை 24 அன்று இந்தக் கடையை அரசு ஒரே ஆணையில் மூடியது. 'இரட்டைச் சுமைக்குறைப்பு' என்று பெயர். கட்டாயக் கல்வி வயதுக் குழந்தைகளுக்குப் பாடப் பயிற்சியை லாபத்துக்கு நடத்தக்கூடாது, வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் அந்நியரை வைத்துப் பயிற்சி நடத்தக்கூடாது. 'நியூ ஓரியண்டல்' நிறுவனம் ஏறக்குறைய 60,000 பேரை வேலையிலிருந்து அனுப்பியதாக அதன் நிறுவனர் யூ மின்ஹோங் சொன்னார். அந்த நிறுவனத்தில் மிஞ்சிய ஆசிரியர்கள் நேரலையில் அரிசியும் இறைச்சியும் விற்க ஆரம்பித்தார்கள். விவசாயக் குடும்பத்துப் பிள்ளையான தோங் யூஹுய் என்ற ஆங்கில ஆசிரியர், 2022 ஜூனில், விற்கிற இறைச்சித்துண்டின் ஆங்கிலப் பெயர்களைப் பலகையில் எழுதிப் பாடம் நடத்திக்கொண்டே விற்றார். நாடே பார்த்தது. நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் ஆங்கிலத்தைச் சரக்காக விற்றவர்கள், கடைசியில் சரக்கை விற்க ஆங்கிலத்தைப் பயன்படுத்த வேண்டியதாயிற்று என்பதில் ஒரு தர்க்கம் இருக்கிறது.

கல்வியைக் கடையாக்கியதைத் தடுத்தது நல்லதுதானே என்று தோழர்கள் கேட்பார்கள். நல்லதுதான். ஆனால் தேர்வு அப்படியே இருக்கிறது. 150 மதிப்பெண்ணும் அப்படியே இருக்கிறது. போட்டியைக் குறைக்காமல் கடையை மட்டும் மூடினால், பணம் உள்ளவர் வீட்டுக்கே ஆளை வரவழைத்துக்கொள்வார். சின்ன ஊரில் இருக்கிற பிள்ளைக்கு முன்பும் கிடைக்கவில்லை, இப்போதும் கிடைக்கவில்லை. 2023இல் சியான் ஜியாவ்தோங் பல்கலைக்கழகம் பட்டம் பெற ஆங்கிலத் தேர்வுச் சான்று தேவையில்லை என்று அறிவித்தபோது பலர் வரவேற்றார்கள். ஆங்கிலத்தின் பிடி தளர்கிறதா, அல்லது அது மறுபடியும் சிலருக்கு மட்டுமான சொத்தாக ஆகிறதா? இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

3

இந்த இடத்தில்தான் ஓசி வாத்தியார் வருகிறார். அவர் என்ன செய்கிறார் என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும். தன்னார்வம் என்ற சொல்லில் இருக்கிற புனிதப்பூச்சை உதறிவிட்டு, வேலையாகப் பார்ப்பது நல்லது.

முதல் பிரச்சினை, எங்கே சந்திப்பது? சீனத்தில் கூகுள், முகநூல், வாட்ஸப் எதுவும் திறக்காது. கல்வான் மோதலுக்குப் பின் 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில் சீனர்களின் அன்றாட வாழ்க்கையே நடக்கிற வீச்சாட்டும் ஒன்று. அங்கே ஒரு சுவர், இங்கே ஒரு சுவர். இரண்டு நாட்டுக்கும் இடையே 2020லிருந்து 2025 அக்டோபர் வரை நேரடிப் பயணிகள் விமானம்கூட ஓடவில்லை. கல்லூரி ஆசிரியை ஏற்பாடு செய்து அனுப்பும் ஒரு காணொளிச் சந்திப்பில் நாங்கள் கூடுகிறோம். நமக்கு மாலை ஐந்தரை, அங்கே எட்டு மணி. இந்த இரண்டரை மணி நேர வித்தியாசம் ஒரு வசதி. அமெரிக்கத் தன்னார்வலர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வர வேண்டும், நமக்கு டீ குடிக்கிற நேரம்.

ஆறு பேர், ஒரு மணி நேரம். ஆறுக்கு மேல் போனால் அது வகுப்பாகிவிடும். நான் பேசுவது மொத்த நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது விதி. வாத்தியார் வர்க்கத்துக்கு இதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். கேள்வி கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். பத்து விநாடி, இருபது விநாடி. திரையில் அந்த மௌனம் மலை மாதிரி நிற்கும். இடையில் புகுந்து நாமே பதிலை எடுத்துக் கொடுத்தால் மறுபடியும் தேர்வு நடத்துகிறோம் என்று அர்த்தம். முதல் மாதங்களில் அவர்கள் பதிலைத் தாளில் எழுதி, பிறகு வாசித்தார்கள். அதற்கு ஒரு எளிய பயிற்சி உண்டு. ஒரே சம்பவத்தை முதலில் ஒருவரிடம் நாலு நிமிஷத்தில், அடுத்து வேறொருவரிடம் மூன்று நிமிஷத்தில், மூன்றாவது ஆளிடம் இரண்டு நிமிஷத்தில் சொல்ல வேண்டும். ஆள் மாறுகிறார், நேரம் குறைகிறது. மூன்றாவது முறை சொல்லும்போது தாளைப் பார்க்க நேரம் இருக்காது. பேச்சு தானாக வந்துவிடும்.

திருத்துவதில் ஒரு அரசியல் இருக்கிறது. ஒவ்வொரு பிழைக்கும் குறுக்கே விழுந்தால் பேச்சு செத்துவிடும். பொருள் குழம்புகிற இடத்தில் மட்டும் 'புரியல, இன்னொரு தடவை சொல்லு' என்று கேட்டால் போதும். உதாரணமாக, சீனப் பேச்சில் அவன், அவள், அது மூன்றுக்கும் ஒரே ஒலிதான், 'தா'. எழுத்தில் பெண்ணுக்கென்று தனிக்குறி பழக்கத்துக்கு வந்ததே 1920 வாக்கில்தான். லியூ பன்னோங் என்ற கவிஞர், மேலை மொழிகளை மொழிபெயர்க்கும் தேவையிலிருந்து அதைப் பரப்பினார். ஆகவே ஒரு மாணவி "என் அம்மா, அவன் டோங்குவானில் செருப்புத் தொழிற்சாலையில் வேலை செய்கிறான்" என்று ஆங்கிலத்தில் சொன்னால் அது அறியாமை அல்ல, அவளுடைய மொழி ஆங்கிலத்துக்குள் நின்று பேசுகிறது. தமிழில் எப்படி என்று கேட்டாள். அவன், அவள், அவர், அது என்று வரிசையாகச் சொன்னேன். "அம்மாவுக்கு எது?" "எங்க வீட்டுல 'அவங்க'ம்போம். அதுல ஆணா பெண்ணான்னு தெரியாது." மரியாதை வந்ததும் பால் மறைந்துவிடுகிறது என்று சொன்னபோது ஆறு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். இலக்கணப் பிழை ஒன்று அன்றைக்கு ஒரு மணி நேர விவாதத்தைத் திறந்துவிட்டது.

4

'நீ தாய்மொழியாளர் இல்லையே, உன்னிடம் எதற்குக் கற்க வேண்டும்?' இந்தக் கேள்வியைச் சீன மாணவர்கள் கேட்கவில்லை. சந்தை கேட்கிறது. சீனத்தில் ஆங்கில ஆசிரியர் வேலைக்கான விளம்பரங்கள் குறிப்பிட்ட சில நாட்டுக் கடவுச்சீட்டுகளை மட்டும் கேட்பது வழக்கமாக இருந்தது. எழுதப்படாத நிபந்தனை ஒன்றும் உண்டு, தோலின் நிறம்.

இந்தக் கருத்தியலுக்கு ஒரு பிறப்பிடம் உண்டு. 1961இல் உகாண்டாவின் மக்கெரெரேயில் காமன்வெல்த் நாடுகளின் ஆங்கிலக் கற்பித்தல் மாநாடு நடந்தது. ஆங்கிலத்தை ஆங்கிலம் வழியாக மட்டுமே கற்பிக்க வேண்டும், தாய்மொழியாளரே சிறந்த ஆசிரியர் என்பன போன்ற கொள்கைகள் அங்கே உறுதிப்பட்டன. ராபர்ட் ஃபிலிப்சன் 1992இல் வெளியிட்ட 'மொழி ஏகாதிபத்தியம்' பற்றிய நூலில் இவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, இவை பொய் நம்பிக்கைகள் என்றும், பாடநூலும் ஆசிரியரும் ஏற்றுமதியாகிற தொழிலைக் காப்பவை என்றும் காட்டினார்.

ஆனால் ஃபிலிப்சனோடு நின்றுவிட முடியாது. எல்லாம் மேலிருந்து திணிக்கப்படுகிறது என்று சொன்னால், கீழே இருக்கிறவர் வெறும் பலியாள் ஆகிவிடுகிறார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் போர்க்காலத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா 1999இல் எழுதிய நூல் இந்த இடத்தில் முக்கியமானது. தன் மாணவர்கள் அமெரிக்கப் பாடநூலின் விளிம்புகளில் கிறுக்கிவைத்த படங்களையும் வாசகங்களையும் அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். மேலே பாடம் ஓர் உலகத்தைச் சொல்ல, ஓரத்தில் மாணவர்கள் தங்கள் உலகத்தை எழுதிவைத்திருந்தார்கள். எதிர்ப்பு என்பது மொழியை விட்டு ஓடுவதில் மட்டும் இல்லை, அதன் விளிம்பில் உட்கார்ந்து வேறொன்றை எழுதுவதிலும் இருக்கிறது. தமிழ் நிலத்தில் பிறந்த இந்தச் சிந்தனையைத் தமிழ்ச் சூழல் போதுமான அளவு பேசவில்லை என்பது என் ஆதங்கம்.

இதை நடைமுறையில் பார்க்கலாம். 1990களில் சீனப் பள்ளிகளில் படித்த எல்லோருக்கும் லீ லெய், ஹான் மெய்மெய் என்ற பாடநூல் பாத்திரங்களைத் தெரியும். நலமா என்று கேட்டால், நான் நலம், நன்றி, நீ? என்று ஒரே மூச்சில் சொல்லும் பழக்கம் அந்தத் தலைமுறையோடு போகவில்லை. ஆனால் சீனர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தால் கேட்பது 'சாப்பிட்டாச்சா?' என்று. நாமும் அதைத்தான் கேட்கிறோம். ஆங்கிலப் பாடநூல் அதை முகமனாக ஏற்காது. அதேபோல 'லாவ்ஷி', அதாவது ஆசிரியரே என்று விளிப்பது அவர்கள் மரபு, 'சார்', 'டீச்சர்' என்பது நம் மரபு. ஆங்கிலத்திலும் அவர்கள் என்னை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடு என்று ஒரு தாய்மொழியாளர் திருத்துவார். நான் திருத்துவதில்லை. இப்போது எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆரம்பிப்பதே ஆங்கிலத்தில் 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்டுத்தான். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் சம்பந்தமில்லாத ஓர் ஆங்கிலம் அங்கே நடக்கிறது. காண்டன் கடைத்தெருவின் பிட்ஜினுக்கு அது தூரத்து உறவு. இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத மொழி என்பதால், இரண்டு பேரும் அதில் சரிசமமாகத் தடுமாறலாம்.

5

மூன்று ஆட்சேபணைகளைப் பார்த்துவிடுவோம்.

முதலாவது, தன்னார்வ உழைப்பு யாருடைய கூலியைத் தின்கிறது? சம்பளத்துக்கு ஒருவர் செய்யவேண்டிய வேலையை நாம் இலவசமாகச் செய்தால் அது சேவை அல்ல, கருங்காலித்தனம். ஆகவே பணம் வாங்கிக்கொண்டு மாணவரைச் சேர்க்கிற எந்த அமைப்புக்கும் இலவசமாகப் போகக்கூடாது. கல்லூரிப் பாடவேளைக்கும் போகக்கூடாது. அது அந்த ஆசிரியையின் வேலை. அவருடைய வகுப்புக்கு வெளியே, மாணவர்கள் விரும்பி வருகிற நேரம் மட்டுமே நம்முடையது.

இரண்டாவது, மிஷனரி மனோபாவம். சீனத்தில் ஆங்கிலப் பள்ளிகள் பலவற்றை நடத்தியவர்கள் மிஷனரிகள். ஷாங்காயின் செயின்ட் ஜான்ஸ் 1879இல் அப்படித் தோன்றியது. ஆங்கிலம் தூண்டில், மதம் கொக்கி என்பது பழைய குற்றச்சாட்டு. நம்முடைய கொக்கி அரசியலாக இருக்கலாம். 'அவங்க அரசாங்கத்தைப் பத்திக் கேக்க வேண்டியதுதானே? பேசவச்சா என்ன?' என்று ஒரு தோழர் கேட்டார். ஃபிளின்ட்டின் கதையை அவருக்குச் சொன்னேன். மனு எழுத வைத்தவர் மூன்று வருஷத்தில் கப்பலேறிவிட்டார், எழுதிக்கொடுத்தவர் தலை போனது. பதிவாகக்கூடிய ஓர் இணையச் சந்திப்பில், நான் பத்திரமாக என் அறையில் உட்கார்ந்துகொண்டு இருபது வயசுப் பிள்ளையின் வாயைக் கிளறுவது வீரம் அல்ல. ஆபத்து யாருக்கோ அவர்தான் எதைப் பேசுவது என்று முடிவு செய்ய வேண்டும். அவர்களாக எடுத்தால் கேட்டுக்கொள்வேன். எடுக்கவும் செய்கிறார்கள். 'ஏன் உங்க அம்மா கூட டோங்குவான்ல இருந்து படிக்கலை?' என்ற சாதாரணக் கேள்விக்கு, 'ஹூகோவ்' என்ற குடும்பப் பதிவு முறையைப் பற்றியும், பெற்றோர் வேலை பார்க்கிற நகரத்தில் தேர்வு எழுத முடியாமல் ஊரில் பாட்டியோடு விடப்பட்ட பிள்ளைகளைப் பற்றியும் அந்த மாணவி அரை மணி நேரம் விளக்கினாள். அரசியல் அங்கே இருந்தது. அதை நான் கொண்டுபோக வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது ஆட்சேபணை புதியது. இப்போதுதான் இயந்திரமே பேசுகிறதே, ஆள் எதற்கு? சலிக்காமல், எந்த நேரத்திலும், நல்ல உச்சரிப்போடு செயற்கை நுண்ணறிவுச் செயலி பேசும். உண்மை. உச்சரிப்புக்கும் சொல்வளத்துக்கும் என்னைவிட அது மேல். மாணவர்களிடம் அதைப் பயன்படுத்தச் சொல்கிறேன். ஆனால் அந்த மாணவியின் ஊரில் மழை பெய்தால் சந்தை எங்கே கூடும், பாட்டி எந்தக் கிண்ணத்தில் நூடுல்ஸ் போடுவாள் என்பதைத் தெரிந்துகொண்டு அந்த இயந்திரத்துக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. எனக்கு நிஜமாகவே தெரியாது, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்கேதான் ழாக் ரான்சியேர் 1987இல் எழுதிய 'அறியாத ஆசிரியர்' பற்றிய நூலின் பொருத்தம். 1818இல் லூவான் நகரத்தில் ஜோசப் ழாகோதோ என்ற பிரெஞ்சு ஆசிரியர், பிளெமிஷ் மொழியே தெரியாமல் பிளெமிஷ் மாணவர்களுக்குப் பிரெஞ்சு கற்பிக்க நேர்ந்தது. ஒரு இருமொழிப் பதிப்பைக் கையில் கொடுத்துவிட்டார், விளக்கவே இல்லை. மாணவர்கள் கற்றுக்கொண்டார்கள். ரான்சியேரின் முடிவு: விளக்குகிறவர்தான் விளங்காதவரை உண்டாக்குகிறார். அறிவில் ஏற்றத்தாழ்வு இருக்கலாம், புத்தியில் சமத்துவம் என்பது இறுதியில் அடையும் இலக்கு அல்ல, ஆரம்பப் புள்ளி.

ழாகோதோவுக்கு மாணவருடைய மொழி தெரியாதது போல எனக்கு மாணவருடைய ஊர் தெரியாது. அந்தத் தெரியாமைதான் நான் கொண்டுபோகிற ஒரே முதலீடு. தேர்வுக்கேள்வி கேட்கிறவருக்கு விடை தெரியும். ஓசி வாத்தியாருக்குத் தெரியாது. பதிலை வைத்திருப்பவர் மாணவர் என்று ஆன அந்தக் கணத்தில் இருவருக்கும் இடையிலான உறவு புரள்கிறது, 'ஊமை' என்று பெயர் வாங்கியவர் தகவல் சொல்கிறவராகிறார். பேச்சு பிறக்க இது ஒன்று போதும். இலக்கணம் பின்னால் வரும்.

இந்த ஆறு பேரும் இரண்டு வருஷத்தில் கிராமப்புறப் பள்ளிகளுக்கு ஆங்கில ஆசிரியர்களாகப் போவார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஐம்பது பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பிள்ளைகளிடம் விடை தெரிந்த கேள்விகளை மட்டும் கேட்பார்களா, தெரியாத ஒன்றையும் கேட்பார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்த வேலைக்கு வர நினைக்கும் நண்பர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. நாம் இல்லாமலே அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற நாள் சீக்கிரம் வரும்படி வேலை செய்ய வேண்டும். ஷாங்காய்ப் பூங்காவில் கூடியவர்களுக்கு வாத்தியார் யாரும் இருக்கவில்லை.